கோட்டில் நின்ற பிள்ளைகள்

ராமையாவை லாரியில் ஏற்றியது நீதான். துப்பாக்கியோடு நின்றது ஜப்பான்காரன். கை காட்டி ஆள் பொறுக்கியது நம் ஊர்க்காரர். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பையனை நிற்கப் பழக்கியவன் நீ.

இன்று காலை அரிசி வியாபாரி ராவுத்தரிடம் சாவி வாங்கி, அவருடைய சரக்குக் கிட்டங்கியைத் திறந்தேன். நீ போன பிறகு யாரும் திறக்கவில்லை. கதவை இழுத்ததும் அரிசிச் சாக்கின் வாசம் வந்தது. மலாக்கா முழுக்க மரவள்ளியைத் தின்று கால் வீங்கிக் கிடக்கிறது. இங்கே சிமெண்டுத் தரையிலிருந்து மட்டும் அரிசி வாசம் எழுந்துகொண்டே இருக்கிறது. பசித்தவர்களை இதைவிட மோசமாகக் கேலி செய்ய முடியாது. தரையில் நீ போட்ட கரிக்கோடு பாதி அழிந்து கிடந்தது.

நாம் காஜா பேராங்கில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். நீ பெரியப்பா மகன், என்னைவிடச் சில மாதமே மூத்தவன். தங்கச்சி முறைதான், ஆனாலும் உன்னை நான் அண்ணன் என்று கூப்பிட்டதே இல்லை. நீயும் விட்டதில்லை.

"நாலு மாசமோ நாலு நாளோ, அண்ணன் அண்ணன்தான். மரியாதையாப் பேசு."

"மொதல்ல மரியாதையச் சம்பாரிச்சிட்டு வா, தர்றேன்."

வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஜப்பான்காரன் வந்தான், பள்ளிக்கூடம் மூடியது. திரும்பத் திறந்தபோது அங்கே ஜப்பான் பாட்டும் கிழக்கே பார்த்துக் கும்பிடுவதும்தான் பாடம். நம் தெருப் பிள்ளைகள் அதற்கும் போகவில்லை. அப்பன்மார் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்விட்டார்கள். அம்மாமார் காட்டைத் திருத்திக் கிழங்கு நடப் போனார்கள். அரிசி வரிசை, விறகு, சமையல், தம்பி தங்கை எல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதுகளின் தலையில் விழுந்தன.

நீ பாடம் ஆரம்பித்தது கேசவனால். தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழர்கள் இருக்கும் சிட்டி கம்போங் பையன், தமிழ் முகம், மலாய் வாய். அவன் கால் ஒரு இடத்தில் தரிக்காது. முச்சந்தியில் காவல் நின்ற ஜப்பான்காரனைக் குனிந்து வணங்காமல் ஓடிவிட்டான். அறைந்து, கல்லைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நிற்க வைத்தார்கள். ஏன்டா நிற்கவில்லை என்று கேட்டதற்கு, வீங்கிய உதட்டோடு, "லூப்பா லா, அண்ணே" என்றான். மறந்துவிட்டானாம். எல்லாரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை.

"அவன் பொய் சொல்லல. ஓட ஆரம்பிச்சா அவனுக்கு வேற எதுவும் தலையில நிக்காது. அடிச்சா வராது இது. பழக்கணும்."

ராவுத்தரிடம் போய்க் கிட்டங்கியைக் கேட்டாய். "அரிசிய வச்சிக்கத்தான் வழியில்ல, புள்ளைகளையாச்சும் வச்சிக்க தம்பி" என்று சாவியைத் தந்தார். தரையில் கரிக்கட்டியால் கோடு போட்டாய். பிள்ளைகள் அந்தச் சுவரிலிருந்து ஓடி வரவேண்டும். கோட்டில் நிற்கவேண்டும். மூச்சை இழுத்து விட்டு, குனிந்து, நிமிர்ந்து, பிறகு நடக்கவேண்டும். நீ காவல்காரனாக நின்று, துடைப்பத்தைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வாய். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பழகினார்கள். கேசவன் மட்டும் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனான். "கோடுதான் சரியில்ல, கொஞ்சம் தள்ளிப் போடுவோம்" என்பாய்.

எழுத்தும் கணக்கும் நீ கற்பிக்கவே இல்லை. வெளியே புறப்படும் பிள்ளை உன்னிடம் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். மொதல்ல என்ன, அப்புறம் என்ன, தடுத்தா என்ன? கடை மூடியிருந்தால் யார் வீட்டில் கேட்பாய், மழை வந்தால் விறகை எங்கே வைப்பாய் என்று போகும் முன்பே யோசிக்க வைத்தாய். சொந்தமாக ஒரு பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்து உன் முகம் மலரும். அதைப் பார்க்கவே சில நாள் நான் வேலையை விட்டு வந்திருக்கிறேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

ராமையா உன் பெருமை. பதினான்கு வயது. அவன் அப்பா முதல் ஆள்பிடிப்பிலேயே போனவர். விறகுக்குப் போனால் விறகைப் பாதியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வருவான். உலையை வைத்துவிட்டு வாசலில் எறும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் அம்மா முனியம்மா அகப்பையால் அடிப்பாள்.

"சோம்பேறி நாயி. இதுக்குச் சோறு ஒரு கேடு."

நீ அகப்பையை வாங்கிக்கொண்டாய். "அவன் சோம்பேறி இல்லக்கா. அவனுக்கு வேல மொத்தமும் ஒரே கட்டியாத் தெரியுது. ஒடச்சிக் குடுங்க."

மரவள்ளியை எடுத்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்தாய். கசப்புக் கிழங்கு, அவசரப்பட்டால் ஆளையே கொல்லும். உரி. நறுக்கு. ஊறவை. அந்தத் தண்ணீரைக் கொட்டு. வேகவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல். ஊறவைத்த சட்டியின் முன்னால் பசியோடு அவன் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் காத்திருக்காத ஒரு குடும்பமே வாந்தியெடுத்துச் செத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மெல்ல மெல்ல அவன் வீட்டையே நடத்தத் தொடங்கினான். "எம் புள்ள இப்ப நில்லுன்னா நிப்பான்" என்று முனியம்மா தெருவெல்லாம் சொன்னாள்.

நான் உன்னோடு சண்டை போட்டேன். இப்போதும் அதே கருத்துதான் எனக்கு. இந்தப் பிள்ளைகள் ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்கள். அரிசி பின்வாசல் வழியாக அதிகாரியின் மச்சானுக்குப் போகிறது. பொறுமையை ஏழைக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெள்ளைக்காரன் தோட்டத்தில் கங்காணி சொல்லிக்கொடுத்தான், ஜப்பான்காரன் முச்சந்தியில் சொல்லிக்கொடுக்கிறான், நீ கிட்டங்கியில் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறாய். "இதுங்களுக்கு நிக்கவா சொல்லித்தரணும்? எதிர்க்கச் சொல்லிக் குடு" என்றேன்.

"எதிர்க்கிறதுக்கும் மொதல்ல என்ன, அப்புறம் என்னன்னு தெரியணும். அதுக்கு முன்னாடி உயிரோட இருக்கணும், தங்கச்சி."

எனக்குக் கோபம்தான் கூடியது.

லாரி வந்தது வெயில் ஏறிய நேரத்தில். பிள்ளைகள் கூப்பன் அரிசி வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள், நாம் பின்னால் நடந்தோம். ஆள்பிடிக்கிறவர் இறங்கினார். நம் தெருவில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். நல்ல தமிழில், தேன் தடவிய குரலில், "பெரிய பையனுங்க எல்லாம் வரிசையா நில்லுங்க. இங்கயே அரிசி குடுக்குறாங்க" என்றார். சிப்பாய்கள் சாலையின் இரு பக்கமும் வந்து நின்றார்கள்.

உன் பிள்ளைகள் நின்றார்கள். சொன்ன இடத்தில் நின்று, மூச்சை இழுத்து விட்டு, குனிந்து வணங்கினார்கள். அவ்வளவு அழகாக அவர்கள் கிட்டங்கியில்கூடச் செய்ததில்லை. கேசவன் மட்டும் சாக்கடையைத் தாண்டிக் குதித்தான். தென்னைகளுக்கு நடுவே அவன் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. ஒரு சிப்பாய் கத்தினான். யாரும் துரத்தவில்லை, நிற்கிறவர்களே போதும் என்றிருந்தது.

வளர்ந்த பையன்களாகப் பார்த்து ஏற்றினார்கள். ராமையா ஏறும் முன் திரும்பி உன்னைப் பார்த்தான். அழவில்லை. அடுத்து என்ன என்று கேட்கிற முகம். உனக்கும் தெரியவில்லை. லாரிக்கு நீ பதில் யோசித்து வைத்திருக்கவில்லை.

ஆள்பிடிக்கிறவரிடம் போய், "சின்னப் பையன் ஐயா, விட்டுடுங்க" என்றாய். "நீ பெரிய பையன்தானே? நீயும் ஏறு" என்றார். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சிப்பாய் என்னைத் தள்ளிவிட்டான். கீழே கிடந்துகொண்டே, "ஓடுடா" என்றேன். நீ ஓடியிருக்கலாம். சாக்கடை பக்கத்தில்தான் இருந்தது.

"அவன் தனியாப் போனா செருப்பக்கூட எங்கயாச்சும் விட்டுட்டு வந்துருவான்" என்றாய். என்னவோ பக்கத்துப் பண்டார் ஹிலிர் வரைக்கும் போய்வருகிறவன் மாதிரி. ஏறிவிட்டாய்.

அன்று சாயங்காலம் கேசவன் வந்தான். "நிக்கணும்னு லூப்பா, அக்கா. அண்ணன் கோவிச்சிக்குவாரா?" என்று தேம்பினான். அவனுக்கு நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? நல்லவேளை மறந்தாய் என்றா? மரவள்ளித் துண்டைக் கொடுத்து அனுப்பினேன்.

போன மாதம் செமாபோக்கில் ஒருவர் சயாமிலிருந்து தப்பி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நானும் முனியம்மாவும் போனோம். எலும்பும் தோலுமாகப் பாயில் கிடந்தார். காலில் புண் பழுத்து எலும்பு தெரிந்து நீ செத்தாய் என்று சொன்னார். ஆற்றங்கரையில் புதைத்தார்களாம். முனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ராமையாவைக் கேட்டாள்.

"அந்தப் பையனா? நான் கெளம்புறப்ப இருந்தான். வாந்திபேதியில லைன் லைனாச் செத்தாங்க. அவன் மட்டும் தண்ணியக் காய்ச்சி, ஆறுற வரைக்கும் உக்காந்திருந்து குடிப்பான். நாங்க சிரிப்போம். வெரல மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டே செய்வான். இப்ப எப்படியோ, தெரியாது."

திரும்பி வரும் வழியெல்லாம் முனியம்மா ஒன்றையே கேட்டாள். "காய்ச்சித்தானே குடிக்கிறான்? காய்ச்சித்தானே?" ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன். அவனை லாரியில் ஏற்றியதும் உன் பாடம்தான், அதற்குப் பிறகு அவனை உயிரோடு வைத்திருந்ததும் உன் பாடம்தான். உன்மேல் முழுதாகக் கோபப்படக்கூட நீ எனக்கு வழி விடவில்லை.

இன்று நான் கிட்டங்கியைத் திறந்ததற்குக் காரணம் முனியம்மா. நேற்று தன் சின்ன மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். அண்ணனைப் போலவே பாதி வேலையில் நின்றுவிடுகிற பையன், இந்த வருடம் திடீரென்று வளர்ந்து நிற்கிறான். "எனக்கு இவன் ஒருத்தன்தான் மிச்சம். பெரியவனுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி இவனுக்கும் சொல்லிக் குடும்மா" என்றாள். உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கிளேபாங் பக்கம் மறுபடி லாரி வந்ததாகச் சொல்கிறார்கள். முச்சந்தியில் காவல்காரனும் மாறவில்லை, நிற்காமல் போனால் இன்னும் அறைகிறான். கிழங்கு வேலையை உடைத்து உடைத்துச் சொல்லிக்கொடுக்க என்னால் முடியும், உன்னைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு வருகிற பாடம்தான் எனக்குத் தெரியவில்லை. பையன் சுவர் ஓரமாக நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

இவனை நிற்கச் சொல்லவா, ஓடச் சொல்லவா? நீதான் வாத்தியார். சொல்லிவிட்டுப் போ.