மச்சம் இல்லாத வெள்ளி

அக்கா, இன்று மதியம் வெஸ்ட்மீட் ரயிலடிக்குப் பக்கத்து ராமென் நூடுல்ஸ் கடையின் கதவைத் தள்ளியதும் சூப் ஆவியில் என் கண்ணாடி மூடிக்கொண்டது. துடைக்கும்வரை வாசனை மட்டும்தான். நீங்கள் வழக்கம்போல எனக்கு முன்பே வந்து, சுவரோரம் கைப்பையை வைத்து இடம் பிடித்திருப்பீர்கள் என்று ஒரு நொடி நம்பிவிட்டேன். துடைத்துப் பார்த்தால் அங்கே யாரோ இருவர் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

முதன்முதலில் என்னை அங்கே கூட்டிப்போனது நீங்கள்தான். நீங்கள் ஆஸ்பத்திரியில் மேலே வார்டில் நர்ஸ். நான் கீழ்த்தளத்து லேபில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். லிஃப்டில் "தமிழோ?" என்றீர்கள். "ஆமா" என்றேன். அந்த வெள்ளிக்கிழமையே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டீர்கள். உங்கள் மன்னார்த் தமிழில் பாதி எனக்குப் புரியாது. கேட்டால் மதுரைக்காரிக்குத் தமிழ் தெரியவில்லை என்பீர்களோ என்று தலையை மட்டும் ஆட்டுவேன்.

அன்று மெனு அட்டையில் சோளமும் கீரையும் போட்ட ஒரு கிண்ணத்தின் படத்தைக் காட்டி, "இதில மச்சம் இல்லைத்தானே? வெள்ளியில நான் மச்சம் தொடமாட்டன்" என்றீர்கள்.

என் கை தானாக என் மோவாய் மச்சத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை மச்சத்தைத் தொடக்கூடாது என்பது உங்கள் ஊர் நம்பிக்கை போலும் என்று நினைத்துக்கொண்டேன். படத்தையும் உற்றுப் பார்த்தேன். கறுப்புப் புள்ளி ஒன்றும் இல்லை. "ஒண்ணும் இல்லக்கா, சுத்தமா இருக்கு" என்றேன்.

நீங்கள் கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தீர்கள். "மரக்கறிச் சொதிக்கு இவ்வளவு ருசி எப்பிடி வந்தது? யப்பான்காரன் கெட்டிக்காரன்" என்றீர்கள். அப்படியே ஏழு வெள்ளி போயிற்று.

பிறகு ஒரு சனிக்கிழமை போன் செய்தீர்கள். "இண்டைக்கு மச்சம் சமைச்சிருக்கிறன், வாரும்." வந்து பார்த்தால் தட்டில் பாரைமீன் குழம்பு. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. மீனும் இறைச்சியும்தான் உங்களுக்கு மச்சம் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் நேர்த்தியைப் பற்றிச் சொன்னீர்கள். பதினோரு வருஷமாகப் பார்க்காத தம்பி, ஒரே ஒரு தம்பி, இந்த மண்ணில் கால் வைக்கும்வரை வெள்ளியில் மச்சம் தொடுவதில்லை என்று மாதாவிடம் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். வந்து பார்த்துவிட்டுப் போகத்தான் விசா கேட்டார் அவர். அது முந்தாநாள் இல்லையென்று வந்திருந்தது.

திங்கட்கிழமை தனியாகக் கடைக்குப் போய்க் கேட்டேன். எல்லாச் சூப்பும் பன்றி எலும்பை விடிய விடிய வேகவைத்ததுதான் என்றார்கள், பெருமையாக.

நான் சாமிக்குப் பெரிதாகப் பயந்தவள் இல்லை. ஆனால் அந்த விசா என்னால்தான் போயிற்றோ என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சூப்பை இன்னொரு தரம் குடிக்க என்னால் முடிந்திருக்காது. வெள்ளியன்று ஆர்டர் கொடுப்பதற்குமுன் சொல்லிவிட்டேன். நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்தீர்கள். ஒரு வாரம் போனை எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளி நான் போனபோது அதே இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஃபாதரிட்டக் கேட்டனான். தெரியாமச் சாப்பிட்டது பாவமில்லையாம்."

"மன்னிச்சிருங்கக்கா."

"அது எனக்கு. உமக்கு வேற. விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லோணும். இனி என்னோட சேர்ந்து பாதி நேர்த்தியை நீரும் பிடியும்."

மதுரையில் பிறந்தவளிடம் கறியை விடச் சொன்னீர்கள். விட்டேன். அன்று அந்தத் தெருவிலிருந்த கடைக்காரர்களை எல்லாம் "போன்ஸ்? நோ போன்ஸ்?" என்று எலும்பைப் பற்றிக் குடைந்தீர்கள். கடைசியில் நம் கடைக்காரரே காளான் சூப் ஒன்று தனியாக வைத்துத் தர ஒப்புக்கொண்டார். அது அவ்வளவு ருசியில்லை. நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

இரண்டாவது முறையும் விசா இல்லையென்றார்கள். அதற்குள் உங்கள் ரத்தம் என் லேபுக்கு வரத் தொடங்கியிருந்தது. பெயரைப் பார்த்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வேறு யாராவது பார்ப்பார்கள். மூன்றே மாதம். கடைசியாகப் பார்க்க வந்தபோது, "இண்டைக்கு என்ன கிழமை?" என்றீர்கள். "வெள்ளிக்கா." "சாப்பிட்டனீரே?" "காளான் சூப்தான்." கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தீர்கள்.

போன வாரம் உங்கள் மகள் பேசினாள். மாமாவுக்கு விசா கிடைத்துவிட்டது. உங்களைப் பார்க்கத் தராத விசாவை, உங்கள் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குத் தந்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை அக்கா. போனை வைத்துவிட்டு அழுதேன், ஆத்திரத்தில்தான் அதிகம்.

அவர் வரும் புதன்கிழமை வந்து இறங்குகிறார். கால் வைக்கும்வரை என்பதுதானே வாக்கு. ஆகவே இன்றும் காளான் சூப்தான் குடித்தேன். இது கடைசி வெள்ளி. அடுத்த வெள்ளி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. கறி கேட்க வாய் வருமென்று தோன்றவில்லை.

சாப்பிட்டுவிட்டு நேராக வேலைக்குத் திரும்பியிருக்கலாம். கால் உங்கள் கோயில் பக்கம் போனது. உள்ளே யாரும் இல்லை. மாதாவின் முன் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். உங்கள் செபம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன்: "தம்பி வர்றாரும்மா. அக்காகிட்ட சொல்லிரு."