தர்வின் யாரிடம் பேசுகிறான்?

ஜூலை 8, செவ்வாய்

பிரமிளா அக்கா இன்றைக்கு கிளினிக்கில் பொய் சொன்னாள். நான் பொய் சொன்னால் பாத்திரம் கழுவ வேண்டும். அவள் சொன்னால் தாதி சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்கிறார்.

அவள் மகன் தர்வினுக்கு இரண்டரை வயது. எத்தனை வார்த்தை பேசுவான் என்று தாதி மலாயில் கேட்டார். "பத்து இருக்கும்," என்றாள் அக்கா. எந்தப் பத்து? 'ம்' என்பதைப் பத்து விதமாகச் சொல்வான், அதையெல்லாம் சேர்த்துக்கொண்டாளோ. தாதி ஒரு பந்தைக் காட்டினார். அவன் பந்தைப் பார்த்தான், தாதியைப் பார்த்தான், என் செருப்பைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. செப்டம்பரில் திரும்ப வர வேண்டுமாம். அப்போதும் இப்படியே இருந்தால் பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர்.

வரும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. பேசினால் இங்கிலீஷில் பேச வேண்டுமே.

அதுதான் அக்காவின் சட்டம். தர்வின் காதில் இங்கிலீஷ் மட்டும்தான் விழ வேண்டும். வேலையிடத்தில் அவளுக்கு வர வேண்டிய பதவி, இங்கிலீஷ் சரளமாக வராததால் வேறொருத்திக்குப் போனது. "என் புள்ள அந்த மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கக்கூடாது" என்று அன்றைக்கு முடிவு செய்தாள். சரி, நல்ல எண்ணம். ஆனால் எங்கள் வீட்டு இங்கிலீஷ் எவ்வளவு தூரம் ஓடும்? "தர்வின், கம்." வந்தான். "ஈட்." தின்றான். "குட் பாய்." அவ்வளவுதான், எண்ணெய் தீர்ந்தது. மிச்ச நேரம் மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தமிழ் பேச வேண்டுமென்றால் குசினிக்குப் போய்க் குசுகுசு. அவன் தலை தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

அம்மா அப்பாவைத் தைப்பிங் மழையில் விட்டுவிட்டு, ஐப்போவில் படிக்கலாம் என்று அக்கா வீட்டுக்கு வந்தேன். தினேஸ்வரி என்கிற எனக்கு இருக்கும் ஒரே சொத்து வாய். அதையும் முடக்கி வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 12, சனி

பீடோரிலிருந்து நவமணி அக்கா வந்தார். பிரமிளா அக்காவின் புருஷன் தர்மேந்திரன் மாமாவுக்கு மூத்த அக்கா. பெரிய பெரிய கொய்யாக்காய் ஒரு பை. பிள்ளை குட்டி இல்லாதவர், பாலர் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொய்யாவை எப்படி அமுக்கிப் பார்த்து வாங்கினாரோ அப்படியே தர்வின் கன்னத்தையும் அமுக்கிப் பார்த்தார்.

"புள்ளைய என்கிட்ட விடு பிரமிளா. ஒரு வருஷம். பேச வச்சு அனுப்புறேன்."

"இல்லண்ணி, அது..."

"நீ காலைல போனா சாயங்காலம் வார. என் தம்பி சிங்கப்பூர்ல கெடக்கான். இது யாரு மூஞ்சியப் பாத்துப் பேசும்?"

மாமாவைப் போனில் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல்: "அக்கா சொல்றதும் சரிதான்லா." இந்த 'லா' எல்லாவற்றையும் சப்பையாக்கிவிடும். சொந்த மகனைக் கொடுப்பது கூட, லா போட்டால், சைக்கிளை இரவல் கொடுப்பது போல ஆகிவிடுகிறது.

பேச்சு இப்படி முடிந்தது: ஆகஸ்ட் கடைசியில் வரும் மெர்டேக்கா, சுதந்திர தின லீவு வரைக்கும் பார்ப்பது. அதற்குள் பேசவில்லையென்றால் தர்வின் பீடோருக்கு.

நவமணி அக்கா வீட்டைச் சுற்றி முன்பு ரப்பர் தோட்டம், இப்போது எண்ணெய்ப்பனை. பக்கத்து வீடே கண்ணுக்குத் தெரியாது. அங்கே போய் இவன் பனைமரத்தோடு பேசுவானா? இவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்? தன் வீட்டில் இவனுக்கான அறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று என்று வாய் தவறிச் சொன்னாரே, எப்போது அடித்தார்? எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நவமணி அக்காவின் காபியில் உப்பு போட்டேன். முகம் மாறாமல் குடித்து முடித்தார். இவர் ஆபத்தானவர்.

ஜூலை 17, வியாழன்

இப்போது என் சந்தேகம் நஜீமா அக்கா மேல்.

பகலில் தர்வினைப் பார்த்துக்கொள்வது அவர்தான். இரண்டு தெரு தள்ளி அவரும் ஷரபுதீன் அண்ணனும் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். கடைக்கு மேலே வீடு. அக்கா அவரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்: மாடியிலேயே வைத்திருக்க வேண்டும், இங்கிலீஷ் வீடியோ போட வேண்டும், கடைக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஆனால் காலையில் அங்கே விடும்போது இவன் அழுவதே இல்லை. சாயங்காலம் கூப்பிட்டு வரும்போதுதான் கால் உதறி அழுகிறான். எந்தப் பிள்ளையாவது வீட்டுக்கு வருவதற்கு அழுமா? அந்த அம்மா ஏதோ கொடுத்து மயக்கி வைத்திருக்கிறார். போனா? மிட்டாயா?

இன்னொன்று. "உங்க புள்ள வாயாடிலா, வாய மூட மாட்டான்" என்று நஜீமா அக்கா ஒருநாள் சொன்னார். அக்கா சிரித்து வைத்தாள். ஊமைச்சாமி மாதிரி இருப்பவனை வாயாடி என்று சொன்னால் அது பொய்தானே? பொய் சொல்ல என்ன அவசியம்?

இன்றைக்கு அவன் சட்டைக் கையை மோந்து பார்த்தேன். பால்டின் வாசனை. காலரில் மீன் கறி. மாடியில் உட்கார்ந்து ஏபிசி பார்க்கிற பிள்ளைக்குக் காலரில் எப்படி மீன் கறி வரும்?

ஜூலை 22, செவ்வாய்

கடையில் தண்ணி, அதாவது தேத்தண்ணி காபி எல்லாம், கலக்குகிற பிலாலை மடக்கினேன். நஜீமா அக்காவின் தம்பி மகன், எனக்கு இரண்டு வயது மூத்தவன்.

"தர்வின் பகல்ல எங்க இருக்கான்?"

"மேலதான்."

"மேலன்னா? மேகத்துக்கு மேலயா?"

"தீனா, எனக்கு வேல இருக்கு. நீ போலாம்."

முகத்தைப் பார்க்காமலே சொன்னான். காலியான கிளாஸைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 25, வெள்ளி

அக்கா பால் டப்பாவை உயரத்தில் வைத்துக்கொண்டு "சே மில்க், தர்வின், சே மில்க்" என்றாள். கெஞ்சினாள். அவன் போய்ச் சுவரோடு நின்றுகொண்டான். அவள் பாலைக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். குளிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

டியூஷனுக்கு மட்டம். தொப்பி, முகக்கவசம், அக்காவின் கறுப்புக் கண்ணாடி. கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்தேன். சுவர்க் கண்ணாடியில் எனக்கே என்னைப் பார்க்கச் சிரிப்பு வந்தது, திருட வந்த டாக்டர் மாதிரி.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

தண்ணி கலக்கும் இடத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில், நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தான் தர்வின். இடுப்பில் ஒரு துண்டு. ஒரு சீனக் கிழவர் உள்ளே வந்து "தே ஓ" என்றார், பால் இல்லாத தேத்தண்ணி. இவன் கழுத்தை நீட்டி, பிலால் கத்துகிற அதே இழுவையில் கத்தினான்:

"தே ஓ ஐஸ் சத்தூ..."

சத்து என்றால் மலாயில் ஒன்று. எங்கள் கடைத் தேத்தண்ணியில் மட்டும்தான் சத்து இருக்கு என்று பிலால் தமிழிலும் பீற்றிக்கொள்வான்.

"ஐஸ் இல்லடா தங்கம், தாத்தாக்கு சூடா," என்றார் நஜீமா அக்கா.

தர்வின் யோசித்தான். நான் பார்த்தேன், யோசித்தான். "தே ஓ ஐஸ் இல்ல சத்து," என்றான். கிழவர் கைதட்டினார். "ரொட்டி கோசோங் டுவா" என்று யாரோ கேட்டார்கள், உள்ளே ஒன்றும் போடாத வெறும் ரொட்டி இரண்டு. அதையும் அடுப்படிக்குக் கத்திச் சொன்னான். "சீஃப் சொல்லிட்டாரு, போடு போடு," என்றான் பிலால்.

நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். கழற்றியிருக்கக் கூடாது. என்னைப் பார்த்தான். கடை ஷட்டரை இறக்குகிற மாதிரி வாய் மூடிக்கொண்டது. நாற்காலியிலிருந்து இறங்கி நஜீமா அக்காவின் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றான்.

நஜீமா அக்கா என்னைப் பின்பக்கம் இழுத்துப் போனார். கையில் கரண்டி இருந்தது.

"அந்த வீடியோ போட்டா கத்துறான் தீனா. எனக்கு இங்கிலீஷும் வராது. சும்மா எவ்ளோ நேரம் புள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கறது? கீழ தூக்கியாந்தேன். உங்க அக்காகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா நாளைக்கே புள்ளைய எடுத்துருவா."

"வாயாடின்னு சொன்னீங்களே."

"நெசத்தத்தான் சொன்னேன். யாரு நம்புனீங்க?"

ஆகஸ்ட் 7, வியாழன்

அப்படியென்றால் எங்களைப் பார்த்துத்தான் வாய் மூடுகிறானா?

குசினியில் பேசிக்கொண்டிருப்போம். இவன் வருவான். உடனே நிறுத்துவோம். இரண்டு வருடமாக இதைத்தான் பார்க்கிறான் — தான் வந்தால் பேச்சு நிற்கும். இவனுக்கு எங்கள் மேல் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அக்காவிடம் சொன்னால் நஜீமா அக்கா கதை முடிந்தது. சொல்லாவிட்டால் பீடோர்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அக்கா சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போயிருக்கும்போது சோதனை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேசையைத் தட்டி, "அண்ணே, தே ஓ சத்து," என்றேன். தர்வின் என்னை மேலும் கீழும் பார்த்தான். போலீஸ்காரன் லைசென்ஸைப் பார்க்கிற பார்வை. போய்விட்டான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்றைக்கும் துண்டு கட்டினேன். செவ்வாயிலிருந்தே கட்டிக்கொண்டிருக்கிறேன், கழுத்து அரிக்கிறது. "அண்ணே, யாரும் இல்லையா கடைல?" என்று சலித்துக்கொண்டேன். அவன் வாளி மூடியைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்து நின்றான்.

"தண்ணி என்ன?" என்றான்.

என்னிடம். என் வீட்டில்.

அப்புறம் பிளாஸ்டிக் தட்டுகளை எடுத்துத் தரையில் வைக்க ஆரம்பித்தான். "அம்மா சத்து." ஒரு தட்டு. "சித்தி சத்து." ஒரு தட்டு. கொஞ்சம் தள்ளி வெறும் தரையைத் தொட்டான். "அப்பா கோசோங்."

இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் கிளி மாதிரி, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் என்றுதான் நினைத்தேன். வெறும் ரொட்டிக்குச் சொல்கிற சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பா இல்லாத இடத்தில் வைக்க எந்தக் கிளியால் முடியும்?

இதற்கு ஒரு ஜோக் யோசித்தேன். வரல.

ஆகஸ்ட் 16, சனி

அக்கா முன்னால் அதே துண்டு, அதே மேசை. ஒரு சத்தமும் இல்லை. "என்ன கூத்து இது," என்று குசினிக்குக் கூப்பிட்டுத் திட்டினாள். நான் உண்மையைச் சொல்லப் போனேன். நஜீமா அக்காவின் கரண்டி ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

சின்னப் பை ஒன்று தயாராகிவிட்டது. அவன் தலையணை அதற்குள் இருக்கிறது. அக்கா உள்ளே வைக்கிறாள், வெளியே எடுத்து மோந்து பார்க்கிறாள், திரும்ப வைக்கிறாள். இவளுக்கு அனுப்ப விருப்பமா இல்லையா? கேட்டேன்.

"என்னால பேச வைக்க முடியல தீனா. அவுங்களால முடியும்னா, நான் யாரு தடுக்க?"

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நவமணி அக்காவின் மைவி கார் வாசலில் வந்து நின்றது. அவர் உள்ளே நுழைந்ததும், பின் டயர் தானாகக் காற்றிறங்கிப் போனது. தானாக என்றுதான் எழுதுவேன்.

"பிலால் பம்ப் வச்சிருக்கான், கடைல உக்காந்து ஏதாச்சும் குடிங்க," என்று எல்லாரையும் கிளப்பிவிட்டேன். நஜீமா அக்கா எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. கல்லா பக்கத்து நாற்காலியைக் காலால் உள்ளே தள்ளினார். தர்வின் அக்கா மடியில். வாய் பூட்டு. கடையெல்லாம் சத்தம், இவன் மட்டும் கல். நவமணி அக்கா கைப்பையிலிருந்து விசிறி எடுத்து வீசிக்கொண்டு, "பாத்தியா," என்கிற மாதிரி தலையாட்டினார். போச்சு, எல்லாம் போச்சு, டயரை வீணாக இறக்கினேன் என்று நினைத்தேன்.

பிலால் வந்தான். "தண்ணி என்னக்கா?"

அக்கா ராத்திரி தூங்கவில்லை போல. சட்டம் கிட்டம் எதுவும் அவள் ஞாபகத்தில் இல்லை. "தே ஓ சத்து தம்பி. சீனி கொறச்சு," என்றாள், அவள் சொந்தக் குரலில்.

தர்வின் மடியிலேயே திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். வாயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அடுப்படி அதிரக் கத்தினான்:

"தே ஓ சத்தூ. சீனி கொறச்சூ. அம்மாக்கூ..."

விசிறி நின்றது.

அக்கா அழவில்லை. ரொம்ப மெதுவாக, "மீ கோரிங் சத்து," என்றாள். அவன் கத்தினான். "மீலோ ஐஸ் சத்து." கத்தினான். "நவமணி அத்தைக்கு..." என்று தொடங்கினாள், "அத்தைக்கு ஐஸ் இல்ல," என்று அவனே முடித்தான். அவள் கேட்டுக்கொண்டே போனாள், இவன் கத்திக்கொண்டே இருந்தான், ஷரபுதீன் அண்ணனும் போட்டுக்கொண்டே இருந்தார். மேசை நிறைந்து பக்கத்து மேசைக்கும் போனது.

"இதெல்லாம் யாரு குடிக்கறது? எனக்கு சீனி வியாதி," என்றார் நவமணி அக்கா. ஆனால் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார். விசிறியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "பெயின்ட் அடிச்ச ரூம்ல தையல் மெஷினப் போட்டுக்கறேன்," என்றார்.

அக்கா நஜீமா அக்காவைப் பார்த்தாள். நஜீமா அக்கா துண்டால் சுத்தமான மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளாக்கா இப்படி?"

"உன்கிட்ட சொல்ல பயம்லா."

அக்கா அந்த நாற்காலியை இழுத்துக் கல்லா பக்கத்தில் போட்டாள்.

கிளம்பும்போது நவமணி அக்கா காரைச் சுற்றி வந்தார். "டயர் சும்மா எறங்காது," என்றார் என்னைப் பார்த்து. "காபில உப்பும் சும்மா வராது."

செப்டம்பர் 10, புதன்

கிளினிக். தாதி பந்தைக் காட்டினார். தர்வின் பந்தை வாங்கி வைத்துவிட்டு, "தண்ணி என்ன?" என்றான் அவரிடம். தாதிக்குத் தமிழ் தெரியாது. அக்கா மொழிபெயர்த்ததும், "தே தாரிக்," என்றார். உடனே கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினான். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இந்த முறை வார்த்தைகளை எண்ணவில்லை என்றாள் அக்கா. தமிழும் மலாயும் கலந்துதான் வருகிறது, பரவாயில்லையா என்று பயந்து பயந்து கேட்டாள். எந்த மொழியில் வந்தாலும் அது வார்த்தைதான் என்றார் தாதி. வீட்டில் உங்களுக்கு எது நன்றாக வருமோ அதில் பேசுங்கள், நிறையப் பேசுங்கள். அடுத்த தவணை வைத்திருக்கிறார், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வீட்டில் சத்தம் தாங்கவில்லை. அக்கா என்னைத் திட்டுவதை நிறுத்துவதே இல்லை, இரண்டு வருட பாக்கி போலிருக்கிறது. தர்வின் அவள் பின்னாலேயே நின்று ஒவ்வொரு திட்டின் வாலையும் பிடித்துக்கொள்கிறான். இங்கிலீஷும் போகவில்லை. "குட் பாய்" என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொள்கிறான்.

சாப்பிடத் தட்டு வைத்தான். அம்மா சத்து, சித்தி சத்து. அப்புறம் வெறும் தரையைத் தொட்டு, "அப்பா இன்னும் வரல," என்றான். கோசோங் இல்லை. மாமா அப்போது போனில் இருந்தார். லா போடவில்லை. தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு நான் தர்வினுக்கு மீலோ கலக்கிக் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"சித்தி, இதுல என்ன?"

உண்மையாகவே உப்பு கிப்பு ஒன்றும் போடவில்லை. சொன்னேன். நம்பவில்லை.

"சித்தி குடி," என்றான்.

குடித்தேன். அதற்குப் பிறகுதான் வாங்கிக்கொண்டான்.