தொட்டியில் என் பாதி

மூங்கில்துறைப்பட்டு
4 டிசம்பர் 2020

அன்புள்ள (இன்னும் அப்படித்தான்) தமிழரசா,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். இன்ஸ்டாவிலும் பண்ணிவிட்டாய். நம்ம ‘கரும்புக்காட்டுக் கடல்’ யூட்யூப் சேனலில் நான் போட்ட கமெண்ட்டைக்கூடத் தூக்கிவிட்டாய். மெயிலை மறந்துவிட்டாய் மச்சான்! மெயில் என்றதும் கை தானாகப் பத்தாம் வகுப்புத் தமிழுக்குப் போகிறது, ‘நண்பனுக்குக் கடிதம் வரைக’ கேள்வி வந்த மாதிரி. சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, படி.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நாம் ரெண்டு பேரும் வளர்க்கிற கடல்மீன் தொட்டிக்காக ஒரு வருஷமாக யூட்யூபில் பார்த்துப் பெருமூச்சு விட்ட டார்ச் பவளம் சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வேனில் வந்தது. சென்னை ரோட்டில் ஒதுக்கீடு கேட்டு மறியல். வேன் பகல் முழுக்க வெயிலில் நின்றது. இங்கே வந்து பெட்டியைத் திறந்தால் ஒரே நாற்றம். பச்சையாக ஆடவேண்டிய விரலெல்லாம் கூழாகக் கரைந்து கவருக்குள் கிடந்தது. நான் அழுதேன்டா. அந்த ஆத்திரத்தில் போட்ட ஸ்டேட்டஸ்தான் அது: ‘ரோட்ல குந்திக்கினா சீட்டு கெடைக்குமா?’

அந்த ரோட்டில் நீயும் குந்தியிருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? மாமா வீட்டுக்குப் போவதாகத்தானே சொன்னாய்!

க்ளவுன் மீன் ஜோடி நலம். பெரியது உன்னைத் தேடுகிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில் யார் போனாலும் ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

பிளாக்கை எடு.

ஜெரின்


ரிஷிவந்தியம்
6 டிசம்பர் 2020

ஜெரின்,

முன்னால் ‘அன்புள்ள’ போட எனக்கு வரவில்லை.

மறியலுக்குப் போவதை உன்னிடம் சொல்லியிருந்தால் கிண்டல் பண்ணியிருப்பாய். அதனால்தான் மாமா வீடு. நான் நினைத்தது சரியாகவே போய்விட்டது.

உன் ஸ்டேட்டஸை என் போனில் எங்கள் மணிமொழி அக்கா பார்த்துவிட்டாள். ஒரு மார்க்கில் மெடிக்கல் சீட் போனவள் அவள். மறுபடியும் நீட் எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா சுப்புராயனைப் பற்றி உனக்குத் தெரியும், இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் கட்டிக்கொடுத்துவிடுவேன் என்கிறார். எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வந்திருந்தால் அந்த ஒரு மார்க்கில் சீட் போயிருக்காது. நான் போய் உட்கார்ந்தது அதுக்குத்தான்.

அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? “உன் சிநேகிதன் சரியாத்தான்டா கேக்குறான். வூட்ல குந்திக்கினு படிச்சேன், சீட்டு கெடைக்கல. ரோட்லயாவது குந்திப் பாக்கலாம்னுதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உனக்கு ஒரு பவளம் செத்தது. சரி.

தொட்டியில் என் பாதியைக் கொடுத்துவிடு. பச்சை சோவா பவளம் ஒட்டிய பாறை நான் தேர்ந்தெடுத்தது. பெரிய க்ளவுன் நான் வாங்கியது. தண்ணீரைச் சுழற்றுகிற பவர்ஹெட் ஒன்றும் வேண்டும். எங்கே வைப்பாய் என்று கேட்காதே, அது என் கவலை.

தமிழரசன்


மூங்கில்துறைப்பட்டு
9 டிசம்பர் 2020

தமிழரசா,

அக்கா சொன்னதைப் படித்ததும் போனை மூடிவைத்துவிட்டேன். ஸ்டேட்டஸை எடுத்தாச்சு. அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் எங்கே வந்து கேட்பேன்? நீ எங்கள் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறாய் என்று எங்கம்மா ஆனந்தமேரியைக் கேள். நான் உங்கள் தெருவில் கால் வைத்ததில்லை. ‘எங்க வூட்ல தொட்டி வெக்க முடியாதுடா’ என்று நீ சொன்னபோதும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் நீ சங்கடப்படுவாய் என்று விட்டுவிட்டேன்.

ஒதுக்கீடு எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் தாத்தா சர்ச்சுக்குப் போனதால் எங்கள் சர்டிபிகேட்டில் எஸ்.சி. போய் பி.சி. வந்தது, அதோடு என்னென்ன போனது என்று எங்கப்பா மில்லிலிருந்து வந்து உட்காரும்போதெல்லாம் சொல்வார். அது தெரிந்தும் அப்படி எழுதினேனே, அதுதான் எனக்கே ஆறவில்லை.

க்ளவுனை மட்டும் பிரிக்காதேடா. தனியாக நிற்கிற ஆண் கொஞ்ச நாளில் பெண்ணாக மாறிவிடும். இது உனக்குத் தெரியாதா? எனக்குச் சொன்னதே நீதான்.

இன்னொன்று. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? தொட்டியில் என்னமோ நடக்கிறது. க்ளீனர் இறால் செத்துவிட்டது. கண்ணாடியில் ஊர்ந்த நத்தைகள் பொத்துப் பொத்தென்று மல்லாக்க விழுகின்றன. உன் பச்சை சோவா வாயை இறுக்கி மூடிக்கொண்டது, ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஆன்லைன் மீன்தொட்டி ஃபோரத்தில் போட்டோ போட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவன் லைட் ஜாஸ்தி என்கிறான், ஒருவன் கம்மி என்கிறான்.

அம்மாவுக்குப் பவளம் எல்லாம் பூதான். “மீனு நல்லாத்தானேடா துள்ளிக்கினு கீது! பூவு வாடினா இன்னா, நாளைக்கி பூக்கும்” என்கிறது.

பூக்காது போலிருக்கிறது.

ஜெரின்


ரிஷிவந்தியம்
9 டிசம்பர் 2020, மாலை

ஜெரின்,

இது சமாதானம் இல்லை. பவளம் சாகக்கூடாது, அதற்காகக் கேட்கிறேன்.

உப்பு அளவு எவ்வளவு? சூடு எவ்வளவு? கல்வராயன் மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது, அங்கே கரண்ட் போச்சா? கொசு மருந்து அடித்தீர்களா? தொட்டிக்குள் யாராவது கை விட்டார்களா, சோப்புக் கையோடு? புதுசாக என்ன சேர்த்தாய்? தீவனம், பாறை, மணல் எதுவாக இருந்தாலும் ஒன்றுவிடாமல் எழுது. ‘எல்லாம் எப்பவும் போலத்தான்’ என்று எழுதினால் பதில் போடமாட்டேன்.

மீன் நன்றாகச் சாப்பிடுகிறதா? அது முக்கியம்.

த.


மூங்கில்துறைப்பட்டு
10 டிசம்பர் 2020

தமிழரசா,

உப்பு சரி. சூடு சரி. கரண்ட் போச்சு, இன்வெர்ட்டர் தாங்கியது. கொசு மருந்து இல்லை. கை விட்டது நான் மட்டும்தான், கழுவிய கை. தீவனம் பழையது. மீன் பேய் மாதிரி தின்கிறது.

புதுசாக எதையும் சேர்க்கவில்லை, சத்தியமாக. வீட்டில்தான் எல்லாம் புதுசு. கிறிஸ்துமஸ் வருகிறதே, அம்மா சுண்ணாம்பு அடித்து, பழைய பிளாஸ்டிக் சாமான்களையெல்லாம் தூக்கிக் கடாசிவிட்டது. நாம் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்துவைக்கும் வெள்ளைக் கேனும் அதில் போச்சு. நான் கத்தினேன். அதற்கு அம்மா, “ஏன்டா கத்துற? பிளாஸ்டிக்குல வெச்சா வெசம்னு போன்ல வருது. உன் மீனுக்கும் சேத்துத்தான் நல்ல தண்ணி வெச்சிக்கினு கீறேன். எங்கம்மா எனக்குச் சீரா குடுத்த செம்புக் குடம், புளி போட்டுத் தேச்சேன், தங்கமாட்டம் கீது பாரு” என்றது. தினமும் தொட்டியில் வற்றுகிற அளவுக்கு அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். நம்ம கேனைவிட சுத்தமாகத்தான் இருக்கிறது.

வேறு ஒன்றுமே இல்லை. என்ன பண்ணட்டும்?

ஜெரின்


ரிஷிவந்தியம்
10 டிசம்பர் 2020

டேய் ஜெரின்,

குடம்!!! குடத்தைத் தூக்குடா முதலில்! இதைப் படித்து முடிக்காதே, போய்த் தூக்கிவிட்டு வா.

தூக்கியாச்சா? செம்புடா. குடத்தில் நின்ற தண்ணீரில் செம்பு இறங்கும். நாம் குடித்தால் ஒன்றும் ஆகாது. மீனும் தாங்கும், அதனால்தான் துள்ளுகிறது. இறால், நத்தை, பவளம் எதுவும் தாங்காது. முதுகெலும்பு இல்லாததெல்லாம் வரிசையாகச் சாகும். நீ ‘மீன் பேய் மாதிரி தின்கிறது’ என்று எழுதின இடத்திலேயே எனக்குத் திக்கென்றது. ஃபோரத்துக்காரன் எவனுக்கும் இது தோன்றாது. அவன் வீட்டில் எவன் குடம் வைத்திருக்கிறான்?

கையில் இருக்கிற கார்பனையெல்லாம் ஃபில்டரில் போடு. தண்ணீரைப் பாதிக்கு மேல் மாற்று. அப்புறம் மறுபடியும் மாற்று. அம்மாவைத் திட்டாதே. அது நல்லதுக்குத்தான் தேய்த்தது.

த.


மூங்கில்துறைப்பட்டு
12 டிசம்பர் 2020

தமிழரசா,

குடத்தைத் தூக்கிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன், திட்டவில்லை. ஆனாலும் தொட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டு, “நானே கொன்னுட்டேனா? இவ்ளோ நாளா என் கண்ணு முன்னால பூத்துக்கினு இருந்துச்சே” என்று ஒரே அழுகை. அப்பா இன்னாசிக்குத் தாங்கவில்லை. “ஏன்டா, அந்தத் தமிழு பையன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவனையே இன்னா பண்றதுன்னு கேளு” என்றார்.

இருந்த தொட்டி உப்பையெல்லாம் கரைத்து ஒரு தடவை மாற்றியாச்சு. இன்னொரு தடவை மாற்ற உப்பு இல்லை. ஆர்டர் போட்டது மழையில் எங்கேயோ நிற்கிறது. சோவா ஓரத்தில் வெள்ளையாக உரிகிறது. நடுவில் கொஞ்சம்தான் உயிர் இருக்கிற மாதிரி தெரிகிறது.

உன்னை எதுவும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். உன் பாறை, உனக்குத் தெரியவேண்டும் இல்லையா?

ஜெரின்


மூங்கில்துறைப்பட்டு
16 டிசம்பர் 2020

தமிழரசா,

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஹாரன் கேட்டு வெளியே வந்தால் நீ! வண்டியில் மறியல் கொடி அப்படியே கட்டியிருக்கிறது, பின்னால் கேன் கேனாகக் கடலூர் கடல் தண்ணீர்! எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “புடிடா” என்றாய். “வடிகட்டினியா?” என்றேன். “பின்ன? உன்ன மாதிரியா?” என்றாய். பன்னிரண்டு நாளுக்கப்புறம் நாம் நேரில் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

அம்மா தட்டு போட்டுவிட்டு, “சாப்ட்டுட்டுப் போ தமிழு, கறி ஆறிடும்” என்று கூப்பிட்டதே. நீ சாப்பிடாமல் போனது இதுதான் முதல் தடவை. வீட்டில் வண்டி தேடுவார்கள் என்றாய். இருக்கலாம். அம்மா அந்தத் தட்டை எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தது. கோபம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் நேராக எழுதிவிடு. இப்படிப் பாதி வந்து பாதி போகாதே.

உன் பச்சை சோவா இன்று காலை திறந்தது! பெரிய கூட்டத்தில் பாதிக்கு மேல் போச்சு. மிச்சம் இருப்பது முழுசாகத் திறந்து ஆடுகிறது. நீ கேட்டாயே உன் பாதி, அதை இன்னும் கொஞ்ச நாளில் வெட்டித் தருகிறேன். வெட்டினால் சாகாது, இரண்டு இடத்திலும் வளரும். நாம்தான் எத்தனை வீடியோ பார்த்திருக்கிறோம். க்ளவுன் ஜோடியையும் நீயே எடுத்துக்கொள். பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

வந்து எடுத்துக்கொண்டு போகிறாயா, நான் எங்கேயாவது ரோட்டு முனையில் கொண்டுவந்து கொடுக்கட்டுமா? திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டு உனக்குச் சௌகரியமா?

ஜெரின்


ரிஷிவந்தியம்
20 டிசம்பர் 2020

அன்புள்ள ஜெரின்,

கோபத்தினால் சாப்பிடாமல் போகவில்லை. காலையில் வீட்டில் ஒன்று நடந்தது. அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், சாப்பிட உட்கார மனசு வரவில்லை.

நான் கேன் கட்டும்போது அப்பா வந்தார்.

“கேனு எதுக்குடா?”

“கடல் தண்ணிக்கி.”

“யாருக்கு?”

எப்பவும் போல காலேஜ் ப்ராஜெக்ட் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால், “மூங்கில்துறைப்பட்டு ஜெரினுக்கு. மில்லுல வேல செய்றாரே இன்னாசி, அவரு மவன்” என்றேன்.

யார் வீடு, எந்தத் தெரு என்று அவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வண்டியைச் சுற்றி வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார். அப்புறம், “கயித்த இறுக்கிக் கட்டு. திருப்பத்துல உருண்டுடும்” என்று சொல்லிவிட்டுக் கொல்லிக்கு, வயல் வேலை பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் வந்ததும் கேட்டார், “அந்த வூட்ல சாப்ட்டியா?”

“இன்னிக்கி சாப்புடல. மத்த நாளெல்லாம் சாப்ட்டுக்கினுதான் இருக்கேன்.”

அம்மா உள்ளேயிருந்து, “மெதுவாப் பேசுடா” என்றது. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அதோடு என்னிடம் பேச்சில்லை.

அன்று இறக்கும்போது ஒரு கேனை வண்டியிலேயே விட்டுவிட்டேன், நீ கவனிக்கவில்லை. அந்தத் தண்ணீர் இப்போது எங்கள் கூடத்தில், ஒரு சின்னத் தொட்டியில் இருக்கிறது. பவர்ஹெட் அக்கா வாங்கிக்கொடுத்தாள். தொட்டிக்கு இடம் பண்ண நானும் அவளும் நெல் மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தோம், அசையவில்லை. அப்பா வந்து ஒரு முனையைப் பிடித்தார். மூட்டை நகர்ந்ததும் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நீயும் அர்த்தம் தேடாதே.

க்ளவுன் ஜோடி அங்கேயே இருக்கட்டும். இந்தச் சின்னத் தொட்டி அதுகளுக்குப் பத்தாது. சோவா மட்டும் போதும்.

பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் நான் வரமாட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்து சனிக்கிழமை நீயே எடுத்துக்கொண்டு இங்கே வா. அக்கா உன்னிடம் பேச நிறைய வைத்திருக்கிறாள். “வரட்டும், ஒரு மார்க்குன்னா இன்னான்னு அவனுக்குப் பாடம் எடுக்கிறேன்” என்கிறாள். வாங்கிக் கட்டிக்கொள், உனக்கு வேண்டும். சாப்பாடு இங்கேதான், அம்மாவிடம் சொல்லியாச்சு. யாராவது ஒருமாதிரி பார்த்தால் பார்க்கட்டும், நான் தெருமுனையிலேயே நிற்பேன்.

காலையில் வராதே, அப்பா கொல்லிக்குப் போயிருப்பார். மதியத்துக்கு மேல் வா. அவர் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வா.

உன்
தமிழரசன்