தாழ்ப்பாளில் இருந்த கை

சிவகிரி
8-8-1982

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பூமாரி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் மகள் இன்பமும் இன்பத்தின் அப்பாவும் சுகம். அங்கே நீங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். எதுவும் வேண்டும் என்று கேட்டு எழுதவில்லை. பயப்படாமல் படியுங்கள்.

ஆடித்தபசுக்கு இங்கிருந்து தனி பஸ் விட்டார்கள். தெருவில் பாதிப் பேர் சங்கரன்கோவிலுக்குப் போய் வந்தார்கள். நான் போகவில்லை. கோமதி, கோமதி என்று கூட்டம் அம்மனைக் கூப்பிடும்போது எனக்கு நம் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். அம்மா இறந்து மூன்றாம் நாள்தான் எதிர்வீட்டு முருகம்மாக்கா கார்டு போட்டாள். அந்த வருத்தத்தை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

இன்பத்தின் அப்பாவுக்கு ஒரு தங்கச்சி, ஞானரத்தினம். பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் படிக்கிறாள். போன சனிக்கிழமை லீவுக்கு வந்தவள், "மதினி, ஒங்க அண்ணாச்சி கவிதை எங்களுக்குப் பாடமா வந்திருக்கு" என்று புத்தகத்தை நீட்டினாள். நான் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். நீயே படி என்றேன். படித்தாள்.

உச்சிவெயிலில் ஒரு தெரு. எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருக்கிறது. ஒருத்தர் வந்து தட்டுகிறார். கடைசியில் இப்படி முடிகிறது:

வெளியே தட்டிய கை
ஓய்ந்து போய்விட்டது.
உள்ளே
தாழ்ப்பாளில் வைத்த கை
இன்னும் அங்கேயே இருக்கிறது.

முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். நெருக்கடி நிலை வந்தபோது ஜனங்கள் வாய்திறக்கப் பயந்து கிடந்ததைத்தான் கவிஞர் துணிச்சலாகப் பாடியிருக்கிறார் என்று வகுப்பில் நடத்தினார்களாம். ஞானரத்தினம் பெருமையாகச் சொன்னாள். அந்த வெயில் எனக்குத் தெரியும் அண்ணா. எழுபத்தாறு சித்திரை. எனக்கு எட்டாம் மாசம். தலைப்பிரசவத்துக்கு அம்மாவிடம் வந்து நின்றேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நான் தட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் லேசாக அசைந்தது. திறக்கப்போகிறார்கள் என்று பையைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் சத்தமில்லை. என் மனப்பிரமை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உங்கள் கவிதையில் அது இருக்கிறது. அப்படியானால் அது நிஜம்.

அந்தக் கை உங்கள் கைதானே? நான் இன்பத்தின் அப்பாவைக் கட்டிக்கொண்டு போனபோது "எம் மொகத்துல முழிக்காதட்டி" என்றுதானே அம்மா சொன்னாள். அவள் வேண்டாம் என்றிருப்பாள், நீங்கள் திறக்க வந்திருப்பீர்கள். இதைத் தெரிந்துகொண்டால் எனக்குப் போதும்.

தங்கை
பூமாரி ஜெயசிங்


சங்கரன்கோவில்
29-8-1982

அன்புத் தங்கை பூமாரிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகப்போகிறது. தாலுகா ஆபீசில் ஜமாபந்திக் கணக்கு பாக்கி வேலை, மூச்சுவிட நேரமில்லை. இன்பம் என்று பெயர் வைத்திருக்கிறாய். நல்ல பெயர். எந்த வகுப்புப் படிக்கிறாள்? மதினி உன்னை விசாரித்தாள்.

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று இருந்தது.

கவிதை பாடமானது உண்மைதான். பேராசிரியர் வேதமுத்து என்று ஒருவர் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருகிறார். என் வாழ்க்கையையும் காலத்தையும் வைத்து என் கவிதைகளை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதுகிறார். எந்த வருஷம் என்ன நடந்தது, எங்கே எழுதினீர்கள், அப்போது ஆபீசில் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்கிறார். அந்தக் கவிதை வந்த பத்திரிகை அடுத்த இதழோடு நின்றுபோனது. ஆசிரியரைப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. அதனால்தான் அந்தக் கவிதைக்கு இவ்வளவு பெயர்.

நீ கேட்டதற்கு என்ன சொல்ல? கவிதையில் வருகிற கையை இன்னாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது பூமாரி. அது பயந்துபோன எல்லாருடைய கையும்தான். எழுதுகிறவன் ஒன்றை நினைத்து எழுதுவான், காலம் அதற்கு வேறொன்றைக் கொடுக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

அண்ணன்
சங்கரசுப்பு


சிவகிரி
5-9-1982

அண்ணனுக்கு,

மாப்பிள்ளை என்று எழுதியிருந்த இடத்தை இன்பத்தின் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்று ராத்திரி முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார். இன்பம் ஒன்றாம் வகுப்பு.

ஆனால் நான் பேராசிரியர் இல்லை. எல்லாருடைய கை என்று எனக்குச் சொல்லாதீர்கள். அன்றைக்கு எல்லாரும் நம் வீட்டுக்குள் இல்லை. அந்தக் கதவை நான் பிறந்ததிலிருந்து திறந்து சாத்தியிருக்கிறேன். அந்தத் தாழ்ப்பாளில் ஒரு நேரத்தில் ஒரு கைதான் வைக்க முடியும்.

யாருடையது?

பூமாரி


சங்கரன்கோவில்
3-10-1982

அன்புத் தங்கைக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்கு முன்னால் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அன்றைக்கு வீட்டில் பெண் வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். உன் மதினியின் தாய்மாமா துரைப்பாண்டியும் இன்னும் மூன்று பேரும். பனவடலிசத்திரத்திலிருந்து தேதி குறிக்க வந்தார்கள். நீ வீட்டைவிட்டுப் போனதற்காகவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இது மூன்றாவது. அம்மா காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். டீக்கடை தங்கப்பழம் வாசலில் வந்து என்னைத் தனியே கூப்பிட்டான். "ஏ சுப்பு, ஒந் தங்கச்சி பஸ்ஸ விட்டு எறங்கி வாரா. வயித்தத் தள்ளிக்கிட்டு ஒத்தையில வாரா" என்றான்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். வெயில் உள்ளே அடிக்கிறது என்று அவர்களிடம் சொன்னேன்.

நீ தட்டினாய். முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது தடவை நீ "அம்மா" என்று கூப்பிட்டாய். துரைப்பாண்டி மாமா காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "யாருவே அது, கதவத் தட்டுதது?" என்று கேட்டார்.

"பிச்சைக்காரி மாமா. தெனமும் இந்த நேரத்துக்கு வருவா" என்றேன்.

ஆறு வருஷமாக இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதவும் இல்லை. கவிதையில் தெரு இருக்கிறது, வெயில் இருக்கிறது, இது இல்லை.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். நீ கேட்ட சத்தம் அதுதான். நான் பின்னாலேயே போய் அந்தக் கையைப் பிடித்து எடுத்தேன். பலமாகத்தான் எடுத்தேன். "பிச்சைக்காரிக்குப் போடதுக்கு ஒண்ணுமில்லம்மா, நீ உள்ள போ" என்று அவர்கள் காதில் விழும்படி சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு முருகம்மாக்கா உனக்குத் தண்ணீர் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அம்மா இருந்தாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள். உன்னைப் பற்றி ஒரு சொல் என்னிடம் பேசவில்லை.

நான்கு மாதம் கழித்து அதை எழுதினேன். யாரும் யாருக்கும் கதவு திறக்காத காலமாக அது இருந்தது பூமாரி. ஆபீசில் பக்கத்து மேசைக்காரனிடம் பேசக்கூடப் பயம். அந்தப் பயத்துக்குள்ளே என் பயத்தையும் கொண்டுபோய் வைத்தேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. துணிச்சல்காரன் என்றார்கள். நான் மறுக்கவில்லை. கொஞ்ச நாளில் நானே நம்பவும் ஆரம்பித்தேன்.

அந்தக் கை அம்மாவுடையது. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டி எழுது.

அண்ணன்
சங்கரசுப்பு


சங்கரன்கோவில்
25-10-1982

அன்புத் தங்கை பூமாரிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் தபால்காரர் முகம்மது ஹுசைன் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

நேற்றுப் பாளையங்கோட்டையில் பேராசிரியர் வேதமுத்துவின் புத்தக வெளியீட்டுக்கு முந்திய கூட்டம். இருநூறு பேராவது இருப்பார்கள். அவர் அந்தக் கவிதையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். என்னை ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்டு போனதை மடித்துப் பையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிச்சைக்காரி என்று சொன்னதையும் சொன்னேன். அம்மா கையைப் பிடித்து எடுத்ததையும் சொன்னேன். பாதிப் பேச்சில் அழுதுவிட்டேன். பேராசிரியர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆறு வருஷத்துப் பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது. நேற்று நன்றாகத் தூங்கினேன். வருகிற 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானும் மதினியும் சிவகிரிக்கு வருகிறோம். இன்பத்தைப் பார்க்க வேண்டும். என்ன வாங்கி வர என்று எழுது.

அண்ணன்
சங்கரசுப்பு


சிவகிரி
31-10-1982

அண்ணனுக்குப் பூமாரி எழுதுவது.

உன்னை நீ என்றே எழுதுகிறேன். கோபப்படுவதற்கு அதுதான் வசதியாக இருக்கிறது.

மூன்றாம் தேதிக் கடிதத்துக்கு நான் ஏன் பதில் போடவில்லை என்றால், அழுது முடியவில்லை. அம்மாவுக்காக அழுதேன். அம்மா என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று ஆறு வருஷம் அவள்மேல் மனத்தாங்கலோடு இருந்தேன். இன்பம் ஆச்சியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றியிருக்கிறேன். ஒரு கார்டு நீ போட்டிருந்தால் போதும். அவள் உயிரோடு இருந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு கார்டு. ஓடி வந்திருப்பேன். கதவைத் திறக்காததைக்கூட நான் மன்னித்துவிடுவேன் அண்ணா. பெண் வீட்டுக்காரர்கள், மானம், பயம், எல்லாம் எனக்கும் புரிகிறது. அந்த மூன்று வருஷத்தை மட்டும் எப்படி மன்னிக்க என்று தெரியவில்லை.

இருந்தாலும் நீ உண்மையை எழுதினாயே என்று அந்தக் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்திருந்தேன். உனக்கு என்ன எழுதலாம் என்று தினமும் யோசித்தேன். வா என்று எழுதத்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஞானரத்தினம் வந்தாள். அந்தக் கூட்டத்துக்கு அவளும் போயிருக்கிறாள். "மதினி, அண்ணாச்சி பேசும்போது அழாத ஆளே இல்ல. பேசி முடிச்சதும் எல்லாரும் எந்திச்சு நின்னு கைதட்டுனாவ. எனக்கே புல்லரிச்சிட்டு" என்றாள். அவளுக்கு அது என் கதை என்பதே பாதியில்தான் விளங்கியிருக்கிறது. என் பெயரையும் நீ சொல்லியிருக்கிறாய்.

கதவைச் சாத்தியதை எழுதினாய், கைதட்டினார்கள். சாத்தியது நான்தான் என்று சொன்னாய், அதற்கும் கைதட்டினார்கள். நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. நீ அழுததும் நிஜமாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு மட்டும் வந்த கடிதம் என்று நினைத்து நான் ஒளித்து வைத்திருந்தது, இருபது நாளில் மைக்கில் போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? இனி புத்தகத்தில் வரும். அடுத்த வருஷம் ஞானரத்தினத்துக்குப் பின்னால் வருகிற பிள்ளைகள் என் வயிற்றையும் அம்மா கையையும் பரீட்சைக்கு எழுதுவார்கள்.

உனக்குப் பாரம் இறங்கிவிட்டது என்கிறாய். எங்கே இறங்கியது என்று பார்த்தாயா?

இன்பத்தின் அப்பா, "வரச் சொல்லு பூமாரி, ஒரு அண்ணந்தான ஒனக்கு" என்கிறார். அவர் நல்ல மனுஷன். நான் வேண்டாம் என்று எழுதுகிறேன். 7ஆம் தேதி வராதே. மதினிக்கு என்மேல் வருத்தம் வேண்டாம் என்று சொல். அவள் ஒன்றும் அறியாதவள்.

ஒருநாள் நீ வரலாம். நான் ஒரேயடியாக முடித்துவிடவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்து, இன்பத்தைப் பார்த்து, அழவேண்டியிருந்தால் அழுது, ஊருக்குத் திரும்பிப் போய் அதைப்பற்றி ஒரு வரிகூட எழுதாமல் உன்னால் இருக்க முடியுமா? முடியும் என்று நிச்சயமாகத் தெரிகிற அன்றைக்கு வா. அதைக் கடிதத்தில் எழுதி எனக்குத் தெரிவிக்கவும் வேண்டாம்.

தங்கை
பூமாரி