கசங்காத சட்டை

என் டன்னுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நீ போடும் படங்களே சொல்லிவிடுகின்றன, நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை மட்டும் நான் எழுதித்தான் ஆகவேண்டியிருக்கிறது. உன் மனைவியும் குழந்தையும் சுகம்தானே, குழந்தைக்குச் சளி என்று போன வாரம் சொன்னாய், ஈரத் தலையோடு வெளியே விடாதே. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேச இந்த வீட்டில் இடம் எங்கே இருக்கிறது, அப்பாவின் கட்டிலை முன் அறைக்குக் கொண்டுவந்து ஜன்னல் ஓரமாகப் போட்டாயிற்று, சமையலறையில் நின்று முணுமுணுத்தாலும் அவருக்குக் கேட்கிறது, நுரையீரல் போனாலும் காது போகவில்லை. அப்புறம் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ 'சரிம்மா, பாக்கலாம்மா' என்று நடுவிலேயே வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது பார். அதனால் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கால் மடித்துத் தைக்கவேண்டிய பேன்ட்டுகள் பக்கத்தில் குவிந்து கிடக்கின்றன, கிடக்கட்டும்.

அப்பாவுக்கு நன்றாக இல்லை. 'கொஞ்சம் பரவாயில்லை' என்று போனில் நான் சொல்வதெல்லாம் அவர் காதில் விழுவதற்காகச் சொல்வது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் குளியலறை வரை பிடித்துக்கொண்டு நடந்தார், இப்போது எழுந்து உட்காருவதே அவருக்குப் பெரிய வேலையாக இருக்கிறது. மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்சிஜன் மிஷின், அது ஓயாமல் உறுமிக்கொண்டே இருக்கிறது, கரண்ட் போனால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. குவாரி வாசலில் எடை மேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்து காலமெல்லாம் லாரி லாரியாகக் கல்லை எடை போட்டவர், கல் எல்லாம் ஊர் ஊராகப் போய்விட்டது, தூசி மட்டும் இவருக்குள்ளேயே தங்கிவிட்டது. வெளியே லாரி போனால் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டே 'காலி வண்டி', 'லோடு வண்டி' என்கிறார், பேச்சே அவ்வளவுதான், அதற்கே மூச்சு வாங்குகிறது. போன தடவை டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, 'மாசக் கணக்கு பாக்காதீங்கம்மா, வாரக் கணக்கு பாருங்க' என்றார். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்த முடியாதபடி நான் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறேன்.

நீயும் அப்பாவும் சேர்ந்து இருப்பதாக உனக்கு ஒரு படம் அனுப்பினேனே, அதன் கதையை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. அவரை மூச்சு மிஷினில் போட்டு, அவர் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் உன்னைக் கூப்பிட்டேன், 'ஸ்டாக் எடுக்கற நேரம்மா, இப்ப லீவு கேட்டா சரியா இருக்காது, எதாவது ஆச்சுன்னா உடனே சொல்லு' என்றாய். எதாவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பிறகு அவருக்கு நினைவு வந்து, தொண்டையிலிருந்து குழாயை எடுத்ததும், என்னைப் பார்த்துக் கேட்ட முதல் பேச்சு 'டன் வந்தானா' என்பதுதான். அவர் வைத்த பெயர்தானே அது, சின்னதில் எடை மேடையில் ஏறி நின்றாய், லாரியை எடை போடுகிற மிஷின் உன்னைக் கண்டுகொள்ளவே இல்லை, பூஜ்யத்திலேயே நின்றது, நீ அழுதாய், அழுகையை நிறுத்த 'ஒரு டன்னுடா நீ' என்று தூக்கிக்கொண்டார். அந்தப் பெயரைக் கேட்டதும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை, 'வந்தான், உங்க பக்கத்துலயே நின்னான், லீவு இல்லைன்னு கெளம்பிட்டான்' என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மறுநாள் 'போட்டோ எடுத்தியா' என்றார். 'எடுத்தேன், போன்ல இருக்கு, அப்புறம் காட்டறேன்' என்றேன். ஒரு பொய்யோடு போயிருந்தால் தேவலை, அது குட்டி போட ஆரம்பித்துவிட்டது.

கீழ் வீட்டில் பார்லர் வைத்திருக்கிறாளே, அவளிடம்தான் போய் நின்றேன். முடியை வெட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், நிறம் மாற்றினால் எப்படி இருக்கும் என்று வருகிறவர்களுக்கு அவர்கள் படத்தையே மாற்றிக் காட்ட அவள் போனில் ஏஐ வைத்திருக்கிறாள். நம் போனிலேயே அதை ஏற்றிக் கொடுத்துக் கற்றும் கொடுத்தாள், 'படம் வெளிச்சமா இருக்கணும்க்கா, முகம் நேரா இருக்கணும், என்ன வேணுமோ அத நம்ம பாஷையிலயே எழுதுங்க, ஒரு தடவைக்கு ஒரு மாத்தம் மட்டும் கேளுங்க, எதைத் தொடக் கூடாதோ அதையும் எழுதிடுங்க' என்றாள். ஆஸ்பத்திரியில் அப்பா நினைவில்லாமல் படுத்திருந்ததை உனக்கு அனுப்ப ஒரு படம் எடுத்திருந்தேன் அல்லவா, அதைக் கொடுத்து, பக்கத்தில் மகன் நிற்கவேண்டும் என்று எழுதினேன். நின்றான் ஒருவன், சுருட்டை முடி, அழகான பல்வரிசை, யார் பெற்ற பிள்ளையோ. உன் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தானே அதற்கு உன்னைத் தெரியும், எனக்கு அந்த அறிவு பிறகுதான் வந்தது. நீ அனுப்புகிற படத்திலெல்லாம் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும், அதைக் கொடுத்தால் சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கிறாய். கடைசியில் பெட்டியில் இருந்த உன் பாஸ்போர்ட் படம் ஞாபகம் வந்தது, நேரான முகம், சிரிப்பில்லை, இந்த இடத்துக்கு அதுதான் பொருத்தம். அடுத்ததில் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, நீ சரியாக வந்தாய், ஆனால் அப்பாவின் கன்னத்தை ஊதி, தொண்டைக் குழாயை எடுத்துவிட்டு, கண்ணைத் திறந்து சிரிக்க வைத்துவிட்டது. கல்யாணத்தன்று கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. 'அவரைத் தொடாதே, அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே இருக்கட்டும்' என்று எழுதினேன், மிஷினிடம் போய்க் கெஞ்சுகிறோமே என்று அழுகை வந்தது. பிறகு உன் கையை அவர் தோளில் வைக்கச் சொன்னேன், ஆறு விரல் வந்தது, ஒன்றை எடுக்கச் சொன்னேன். அப்படியாக நீ ஒரு வழியாக வந்து சேர்ந்தாய்.

அப்பாவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார், அன்றைக்கு வாங்கிப்போன கஞ்சியை மீதி வைக்காமல் குடித்தார். அதிலிருந்து என் போன் அவர் கையில்தான், பார்க்க வந்த எடை மேடை ஆட்களிடமெல்லாம் நீட்டி நீட்டிக் காட்டினார், நீ கூப்பிட்டால் மட்டும்தான் என்னிடம் தருகிறார். உனக்கும் அந்தப் படத்தை அனுப்பினேன், எதற்கு அனுப்பினேன் தெரியுமா, 'உன் இடத்தில் இதை நிறுத்தி வைத்திருக்கிறேன், பார்த்தாவது வெட்கப்படு, வந்து இதை உண்மையாக்கு' என்று அனுப்பினேன். அதை நான் எழுதாமல் விட்டது என் தப்பு, உனக்கே உறைக்கும் என்று நினைத்தேன். நீ அதை எடுத்து உன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டாய், 'அப்பாவின் அருகில், அந்தக் கஷ்டமான நாட்களில்' என்று ஒரு வரியும் எழுதி. நல்ல மகன், பெற்றால் இப்படிப் பெறவேண்டும் என்று யார் யாரோ வாழ்த்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு உன் சித்தி போன் செய்து, 'பையன் வந்துட்டுப் போயிருக்கான், கூடப் பொறந்தவ எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே' என்று ஒரு பாட்டம் அழுதாள், திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நான் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். உன்னிடம் கேட்டதற்கு 'சும்மா போட்டேம்மா, எல்லாரும் அப்பா எப்படி இருக்கார்னு கேட்டாங்க' என்றாய். நான் உன்னை அங்கே நிறுத்தியது அவருக்காக, நீ உன்னை அங்கே நிறுத்திக்கொண்டது யாருக்காக என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உன்மேல் அவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

டாக்டர் அப்படிச் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து, 'டன்னைக் கூப்பிடட்டுமா' என்று அப்பாவிடம் கேட்டேன். தலையை ஆட்டினார், 'வேணாம், அவன்தான் வந்துட்டுப் போனானே, ஒரு பிள்ளை எத்தனை தடவை வேலைய விட்டுட்டு ஓடி வருவான்' என்றார். நீ வராத ஒரு வருகையைக் காட்டி, நீ வரவேண்டிய வருகையை நானே அழித்துவிட்டேனே. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கவும் முடியவில்லை, சோறும் இறங்கவில்லை. நேற்றுக் காலை அவருக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தேன், சோப்பு நுரையோடு அவர் பேச முடியாமல் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவன் வரவில்லை, அந்தப் படம் நான் செய்தது, மிஷின் போட்டது என்று. அவர் கோபப்படவில்லை. நான் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார், 'இத்தனை வருஷமா துணி தைக்கறியே, தோள்ல கைய வெச்சா சட்டை கசங்கும்னு தெரியாதா உனக்கு? டன்னோட கை, கனமே இல்லையேன்னு அன்னைக்கே பாத்துட்டேன்.' போனை வாங்கிப் பார்த்தேன், ஆமாம், உன் ஐந்து விரலும் அந்த ஆஸ்பத்திரிச் சட்டையின்மேல் இருக்கின்றன, துணியில் ஒரு மடிப்பு இல்லை. தையல்காரி எனக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று என்றால், நான் சட்டையைப் பார்க்கவே இல்லை, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தெரிந்துமா ஊருக்கெல்லாம் காட்டினீர்கள் என்று கேட்டேன். 'வேற என்ன இருக்கு காட்ட' என்றார். அப்படியானால் இப்போதாவது கூப்பிடுகிறேன், உண்மையாகவே வரட்டும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, 'கூப்பிடாத, கூப்பிட்டு அவன் வரலைன்னா அது வேற, நாம கூப்பிடல, அதனால வரலைன்னே இருக்கட்டும்' என்றார். அதற்குமேல் அவருக்கு மூச்சு இல்லை. அவர் உன்னைக் காப்பாற்றுகிறாரா, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் ஒன்றுதானோ என்னவோ.

நான் அவர் பேச்சை மீறுகிறேன். இதோ கூப்பிடுகிறேன், வா. கணக்கெடுப்பு, லீவு, டிக்கெட் என்று எனக்கு எதுவும் சொல்லாதே, வந்து சொல். உன் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை முதலில் எடுத்துவிடு. வாங்கிவர ஒன்றும் வேண்டாம், அவரால் எதுவும் சாப்பிட முடியாது, வந்ததும் போனைத் தூக்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். மூக்குக் குழாய் அவருக்கு இடது பக்கமாகப் போகிறது, அதனால் வலது பக்கம் வந்து நின்று தோளில் கையை வை, சட்டை கசங்கும்படி வை. உன் குழந்தைக்கு என் முத்தம், உன் மனைவியிடம் நான் வருத்தமாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டாம், அவளுக்கு அங்கே ஆறுதல் சொல்ல யார் இருக்கிறார்கள். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் கண்ணெதிரே ஒருவராக, நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் போட்டது அப்பாவுக்குத் தெரியாது. நீ வராவிட்டால், நான் கூப்பிட்டேன் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். எனக்குத் தெரியும்.

உன்னைப் பெற்ற
அம்மா