எதற்கும் தலையாட்டுகிற மனிதர்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே சுகம் என்று எடுத்துக்கொள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு வரி எழுதிப் போடு, எனக்கு அது போதும்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் போன தடவை எழுதியிருந்தோம், முழுசாகச் சொல்ல மனசு வரவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிற பெரிய உருளை இருக்கிறதே, அதில் அப்பாவோடு வேலை செய்தவரின் கை சிக்கிக்கொண்டது, அப்பாவும் மேற்பார்வையாளரும் சேர்ந்துதான் இழுத்தார்கள், இரண்டு நாளில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு இவர்கள் இரண்டு பேருக்குமே தூக்கம் இல்லை. மேற்பார்வையாளர் ஒரு நாள் நாற்காலியைத் தூக்கி அடித்துவிட்டு ஓவென்று அழுதார், அவரைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டு, அதிர்ச்சி என்று எழுதி, ஆறு வாரம் லீவும் கொடுத்து, வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேச ஆளும் ஏற்பாடு செய்தார்கள். மறு வாரம் அப்பா சிவப்புப் பட்டனை அழுத்தி எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, கை உள்ள இருக்கு, கை உள்ள இருக்கு என்று கத்தினார். இவருக்குப் போலீஸ் வந்தது. மேற்பார்வையாளர் இந்த ஊர்க்காரர், இந்த ஊர்க்காரர்கள் நிறம். நம் நிறத்து ஆள் கத்தினால் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

போலீஸ் கொண்டுபோய்ச் சேர்த்த மனநல வார்டில் டாக்டரம்மா வரிசையாகக் கேட்டார், உன் தங்கைதான் கூட நின்று மொழிபெயர்த்தாள். யாராவது உங்களைக் கவனிக்கிறார்களா, ஆமாம். தலைக்கு மேலே கேமராவை வைத்துவிட்டுக் கேட்டால் வேறென்ன சொல்வார்? செத்தவர் குரல் கேட்கிறதா, ஆமாம். உங்களுக்கு மட்டும் தனி சக்தி இருக்கிறதா, அதற்கும் ஆமாம். பேனா பிடித்தவர் யார் எதைக் கேட்டாலும் அப்பா சொல்வது ஆமாம்தான் என்று உனக்குத் தெரியாதா, எதுத்துப் பேசாதே, தலையாட்டிட்டுக் கையெழுத்த வாங்கிட்டு வா என்று நமக்கும் அதைத்தானே பழக்கினார். சலவைக்கூடத்தில் 'ஆமாம் சார்' என்றே பட்டப்பெயர். முப்பது வருஷமாக என்னிடம் மட்டும்தான் எதற்கெடுத்தாலும் இல்லை. உன் தங்கை, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிற பெண், கூச்சத்தில் பாதியை விழுங்கிவிடுவாள். அப்பா மரியாதைக்குச் சொல்றாருன்னு வாய் வரைக்கும் வந்துச்சும்மா, அவங்க பேனா நிக்கவே இல்ல என்று வீட்டுக்கு வந்து அழுதாள். இதையும் எழுதுடி என்றால் முறைக்கிறாள்.

அப்புறம் நானே இவளைக் கூட்டிக்கொண்டு போய், அவர் யாருக்கும் தலையாட்டுகிறவர் என்று சொல்லிப் பார்த்தேன், நோயை ஏற்க மறுக்கும் குடும்பம் என்று அதையும் எழுதிக்கொண்டார். மேற்பார்வையாளர், பாவம், நல்ல மனுஷன், தானாகவே வந்து, எனக்கும் அந்தக் குரல் கேக்குது டாக்டர், நானும்தானே கத்துனேன் என்றார். டாக்டரம்மா அவர் தோளைத் தட்டி, நீங்க இன்னும் கொஞ்சம் ஓய்வு எடுங்க என்று அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு ஊசிதான். கை நடுங்குகிறது, வாய் ஓரம் ஒழுகுகிறது, அதையும் நோய் என்கிறார்கள்.

இந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் மூன்று பேர் குழுவாக உட்கார்ந்து, இவரை வீட்டுக்கு விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம், பார்க்கப் போகும்போதெல்லாம் உன் தங்கை பாடம் நடத்துகிற மாதிரி, இல்லாததுக்கு இல்லைன்னு சொல்லுங்கப்பா, ஒண்ணும் பண்ண மாட்டாங்க என்று பழக்கினாள். உள்ளே போனதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, உங்களுக்கு மனநோய் இருப்பதை ஒத்துக்கொள்கிறீர்களா என்பதுதான். அப்பா இவளைப் பார்த்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார், இல்லை என்றார். சத்தமாகத்தான் சொன்னார். தன் நோய் தனக்கே தெரியாத நிலை என்று எழுதி இன்னும் ஆறு மாதம் போட்டுவிட்டார்கள். வெளியே வரும்போது, சரியாச் சொன்னேனாம்மா என்று இவளைக் கேட்டார். இவள் ஆமாம்ப்பா என்றாள்.

நீ லீவு கேட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, வந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் இரு, என் ஆயுசையும் சேர்த்து நீ வாழு. ஒன்று மட்டும் மறக்காதே, நீயும் இதே நிறத்தோடுதான் அங்கே இருக்கிறாய். தாங்க முடியாமல் ஏதாவது நடந்தால் வேலையிடத்தில் அழாதே, அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழு. பெற்றவள் சொல்கிற புத்தியா இது என்று கேட்காதே, எனக்கு வேறு தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா