ஆடியில் தேதி ஒத்துக்கொள்ளாத கம்ப்யூட்டர்

பீளமேடு,
13.8.99

அன்புள்ள அபிலாஷ் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அவருக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கிணத்துக்கடவு தோப்பில் இந்த வருஷம் இளநீர் நிறையக் காய்த்திருக்கிறது, குடிக்கத்தான் ஆளில்லை. போன ஞாயிறு போனில், பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கும்படி அப்பாவிடம் சொன்னாயாம், கடைக்காரருக்கும் நீயே சொல்லிவைத்தாயாம். அவர் நேற்று வண்டியோடு வந்தார். காப்பி கொடுத்து வெறும் வண்டியாகவே திருப்பி அனுப்பிவிட்டேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

ஆடி பிறந்த சமயம் மாடி அறையில் பவானி ஜமக்காளத்தைத் தேடினபோதுதான் அது அகப்பட்டது. அப்பா பம்ப் கம்பெனிக் கணக்குக்கென்று வாங்கி, நீ விளையாட்டுக்கென்று பிடித்துக்கொண்டாயே, அதே பச்சை எழுத்து மிஷின்தான். உன் பெரிய பிளாப்பிகளும் பக்கத்திலேயே இருந்தன. கோட்டைமேட்டில் டிவி ரிப்பேர் செய்யும் கலீல் ரஹ்மான் பாய் வந்து, உள்ளே இருந்த பல்லி முட்டையைத் தட்டி, ஒயரை மாற்றிக் கொடுத்தார். "ஓடுதுங்கம்மா, இத வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க" என்று கேட்டார். விளையாடப் போகிறேன் என்றேன்.

அவர் போனபிறகு நானே ஸ்விட்சைப் போட்டேன். ஆடியில் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறோமே என்று உள்ளூர ஒரு உறுத்தல். அதுவோ எடுத்த எடுப்பில் இன்றைக்கு என்ன தேதி என்றுதான் கேட்டது. ஆவணி பிறந்துவிட்டதாக அதனிடம் சொல்லிவிட்டால் தோஷமில்லையே என்று 20-8-99 என்று அடித்தேன். இன்வேலிட் டேட், அதாவது செல்லாத தேதி என்று வந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் பஞ்சாங்கத்தை எடுத்து, "அன்னைக்கு நவமி, மிஷினுக்கே தெரியுது பார்" என்று 23ஐச் சொன்னார். அதையும் வேண்டாம் என்றது. பாய்க்குப் போன் செய்தால் அவர் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. "அது அமெரிக்காக்காரன் பழக்கமுங்கம்மா, மாசத்தை முன்னால போடோணும்" என்றார். அந்த ஊருக்குப் போனவர்களுக்கு நாள் கிழமையெல்லாம் தலைகீழாகிவிடும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நீ விளையாடின கிணறு வெட்டும் ஆட்டம்தான் இப்போது நான் விளையாடுவது. அந்தக் காலத்தில் டிபன் தட்டோடு உன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன், ஒருநாள் ஆசையாகக் கை வைத்ததற்கு, "மஞ்சக் கையோட தொடாதீங்கம்மா, கெட்டுப்போயிரும்" என்று சொல்லி, அதையே சீட்டில் எழுதி ஒட்டியும் வைத்தாய். அந்தச் சீட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. நான் சும்மா நின்றதாக நினைத்தாயா, எந்தக் கல் எப்போது விழும் என்பதெல்லாம் நின்றபடியே பார்த்து வைத்தவள் நான். நீ எப்போதும் செத்துப்போவாயே, அந்தக் கிணற்றைத் தாண்டி அடுத்ததில் இறங்கிவிட்டேன். சத்தம் கேட்டால் அப்பாவும் வந்து நிற்கிறார், அவரையும் காத்திருக்க வைக்கிறேன்.

நேற்று அந்தக் கடைக்காரர், "ஏனுங்கம்மா, ரெண்டாயிரம் வருஷம் பொறந்தா இது செத்துப்போயிருமுங்க" என்று பயமுறுத்தினார். "போடறப்பெல்லாம் அது என்னைத்தானுங்க தேதி கேக்குது, ரெண்டாயிரம் பொறந்தத அதுக்கு ஆருங்க சொல்றது, நான் சொன்னாத்தானுங்க தெரியும்" என்றேன். மனுஷன் காப்பியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். நீ அங்கே ஊரார் மிஷினுக்கெல்லாம் இரண்டாயிரத்தைச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறாய், சந்தோஷம், என்னுடையதற்கு மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். உன் சைக்கிளைக் கொடு என்றாய், கொடுத்தேன். கட்டிலைக் கொடு என்றாய், அழுதுகொண்டே கொடுத்தேன். இதைக் கொடுக்கமாட்டேன். உன் நினைவுக்காக மட்டும் வைத்திருக்கிறேன் என்று எண்ணாதே கண்ணு, எனக்கு விளையாடப் பிடித்திருக்கிறது. புதுசு வேண்டுமானால் வாங்கிப் பக்கத்தில் வைக்கட்டும், இதைத் தூக்க மட்டும் இனி யாரையும் அனுப்பாதே.

கோனியம்மன் துணையில் நீ நோய்நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. மறக்கக்கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது. ஆட்டம் இருக்கிற பிளாப்பி தேய்ந்துவிட்டது, சில நாள் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. வேறொன்றில் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார் பாய், ஆனால் அந்தப் பெரிய பிளாப்பி இங்கே எந்தக் கடையிலும் இல்லையாம். அங்கே கிடைத்தால் வாங்கி வை. தபாலில் மட்டும் அனுப்பாதே, நம் தபால்காரர் இரண்டாக மடித்துத்தான் கதவில் செருகுவார். லீவு இல்லை என்று மூன்று தீபாவளி சொல்லிவிட்டாய், இந்தத் தடவை அதைச் சொல்லாமல் உன் கையாலேயே கொண்டு வா. வந்தால் உனக்கும் ஒரு ஆட்டம் தருகிறேன், கையைக் கழுவிவிட்டுத் தொடு.

இப்படிக்கு,
உன் அம்மா
வரலட்சுமி வெங்கடபதி